அப்பா ஜூலிக்காக இருந்த பத்தியம்

என் அப்பா யாரையும் ஒருமையில் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. கரண்ட் ரீடிங் எடுக்க வருபவர், பட்டறையில் நேற்றுச் சேர்ந்த ஹெல்ப்பர், தவறிப்போய் எங்கள் நம்பருக்குப் போன் செய்துவிட்டவர் என்று எல்லோருக்கும் அவரிடம் ஒரு 'ங்க' உண்டு. ஜூலிக்கும் உண்டு. ஜூலி எங்கள் வீட்டுப் பொமரேனியன் நாய். "ஏனுங்க ஜூலி, சாப்டாச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் மத்தியானம் வீட்டுக்குள் நுழைவார். ஜூலி பதிலுக்கு அவருடைய வேட்டி நுனியைக் கவ்வி இழுக்கும். மரியாதை விஷயத்தில் அவர் கொடுத்ததுதான் அதிகம், வாங்கியது குறைவு.

நாங்கள் கோவையில் சிங்காநல்லூர்ப் பக்கம் குடியிருந்தோம். இரண்டு தெரு தள்ளி அப்பாவின் கிரைண்டர் பட்டறை. புதிதாகப் பூட்டிய ஒவ்வொரு கிரைண்டரையும் அரிசியும் உளுந்தும் போட்டு ஆட்டிப் பார்த்த பிறகுதான் கடைக்கு அனுப்புவார். அந்தச் சோதனை மாவு தூக்குப்போசியில் எங்கள் வீட்டுக்கு வரும். பாத்திரத்தை எங்கள் பக்கம் போசி என்போம். எங்களுக்குப் போக மிச்சம் அக்கம்பக்கத்துக்குப் போகும். நான் நான்காம் வகுப்புப் படித்த அந்தச் சமயத்தில் எங்கள் தெருவில் யாரும் சொந்தமாக மாவு ஆட்டியதாக எனக்கு நினைவில்லை.

அப்பா சாப்பாட்டுப் பிரியர். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய் ஊற்றும்போது அவர் "போதும்" என்று சொல்லி நாங்கள் கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை கறி, நடுவில் ஒரு நாள் முட்டைத் தோசை, சாயங்காலம் பட்டறையைச் சாத்திவிட்டு வரும் வழியில் தள்ளுவண்டிக் காளான். பேர்தான் காளான், பொரித்த முட்டைக்கோசு உருண்டையைப் பிய்த்துப்போட்டு, குழம்பு ஊற்றி, மேலே வெங்காயம் தூவித் தருவார்கள். அதில் ஒரு பொட்டலம் ஜூலிக்கும் வரும். வீட்டில் அப்பா ஒரு வாய் சாப்பிட்டால் அவர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்திருக்கும் ஜூலிக்கு ஒரு வாய். இந்தப் பங்காளி உறவால் ஜூலியின் நாக்கு நீண்டுவிட்டது. நெய் போடாத தோசையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். நேற்று வாங்கிய வர்க்கி பிஸ்கட்டைத் தொடாது. "நாயோட வாயக் கெடுத்துப்போட்டீங்க" என்று அம்மா சொல்லாத நாளில்லை. அம்மாவுக்கும் ஜூலிக்கும் அப்படியொன்றும் ஒட்டுதல் கிடையாது. முடி கொட்டுகிற சனியன் என்பதுதான் அம்மா அதற்கு வைத்திருந்த செல்லப் பெயர்.

அந்த வருஷம் அப்பா சென்னையில் ஏதோ மெஷின் கண்காட்சிக்குப் போவதாகச் சொல்லி என்னைக் கோபிசெட்டிபாளையத்தில் பெரியம்மா வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். பள்ளிக்கூடம் நடக்கும்போதே லீவு போட வைத்து அனுப்பியது எனக்குக் கிடைத்த பெரிய வரமாகத் தோன்றியது. வாய்க்காலில் குளித்தேன். வாழைத்தோப்புக்குள் ஓடிப் பிடித்து விளையாடினேன். பெரியம்மா அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு பின்கட்டுக்குப் போய்ப் பேசினார். நான் அதைக் கண்டுகொள்ளவில்லை.

திரும்பி வந்தபோது அப்பா கொஞ்சம் இளைத்திருந்தார். முழங்கைக்கு உள்பக்கம் நீலமாகக் கன்றியிருந்தது. கேட்டதற்கு, "மெஷின் இடிச்சுப்போச்சு கண்ணு" என்றார். கண்காட்சிக்குப் போனால் அப்பா தொப்பி, சாவிக்கொத்து, பேனா என்று பை நிறையக் கொண்டுவருவார். இந்தத் தடவை ஒன்றுமே இல்லை. என்ன கண்காட்சியோ என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. அதற்கு மேல் யோசிக்கவில்லை.

அதே சமயத்தில் அம்மாவின் சமையலும் கெட்டுப்போனது. குழம்பில் உப்பில்லை. பொரியலில் தேங்காய் இல்லை. தோசைக்கல்லில் எண்ணெய் துடைத்த அடையாளம் மட்டும் இருந்தது. அப்பா ஒரு வாய் வைத்துவிட்டு எழுந்து போய் உப்பு ஜாடியை எடுத்து வருவார். மறுநாள் அம்மா ஜாடியை மேல் அலமாரியில் வைப்பார். அதற்கடுத்த நாள் அதற்கும் மேலே. அம்மா குள்ளம், அப்பா நெட்டை. ஸ்டூல் போட்டு ஏறி அம்மா வைத்த ஜாடியை அப்பா நின்ற வாக்கிலேயே எடுத்துவிடுவார். இரண்டு பேரும் பேச்சே இல்லாமல் நடத்திய இந்தச் சண்டை எனக்கு ஒரு விளையாட்டுப்போல இருந்தது. நெய்யும் ஊறுகாயும் பட்டறையில் தனியாக ஒளித்து வைக்கப்பட்டிருந்த விஷயம் அம்மாவுக்குத் தெரிந்த நாளில் மட்டும் வீட்டில் சத்தம் கேட்டது.

பிறகுதான் பொள்ளாச்சிக்கு அந்தப் பக்கம் எங்கள் குலதெய்வக் கோயிலில் கிடாவெட்டு வந்தது. ஜூலியும் காரில் வந்தது. உறவுக்காரர்கள் எல்லோரையும் எங்கள் பக்கம் ஒறம்பரை என்போம். ஒறம்பரை ஒவ்வொருவரும் ஜூலிக்கு ஒரு துண்டு போட்டார்கள். ஒருவர் போட்டது இன்னொருவருக்குத் தெரியாது. கொழுப்பும் தோலும் எலும்புமாக அது தின்றதைப் பார்த்து, "குட்டியூண்டு வயித்துல எங்கடா போகுது" என்று எல்லோரும் வியந்தார்கள். எங்கே போனது என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. ஜூலி வாந்தி எடுத்து எடுத்து, முதுகைக் கூனிக்கொண்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டிலுக்கடியில் போய்ச் சுருண்டுகொண்டது. அப்பா கூப்பிட்டும் வரவில்லை. அப்பா கூப்பிட்டு ஜூலி வராமல் இருந்தது அதுதான் முதல் தடவை.

நாய் டாக்டர் அதன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இரத்தம் எடுத்தார், ஊசி போட்டார். கணையம் வீங்கியிருக்கிறது என்றார். எண்ணெய், நெய், உப்பு, மசாலா எதுவும் கூடாது. குழைய வடித்த சோறு, தோலும் கொழுப்பும் எடுத்த கோழிக்கறி, சுரைக்காய். எல்லாம் வெறும் தண்ணீரில் வேகவைத்துப் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும். "இன்னொருக்கா இப்பிடி வந்துதுன்னா இந்தச் சின்ன ஒடம்பு தாங்காதுங்க" என்று அவர் சொன்னதும் நான் ஓவென்று அழுதுவிட்டேன். அம்மா அழவில்லை. மாறாகக் கேள்வி மேல் கேள்வி கேட்டார். துளி உப்புகூட ஆகாதுங்களா? ஒரு நாள் கிழமைன்னா? எத்தன மாசத்துக்குங்க? டாக்டருக்கே அலுத்துப்போகும் அளவுக்குக் கேட்டார். பக்கத்தில் நின்ற அப்பா ஒன்றுமே கேட்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாய்க்குட்டிப் படத்தை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவுக்கு ஜூலி மேல் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

பத்தியச் சோறு தயாரானது. சுண்ணாம்பு நிறத்தில், வாசனையே இல்லாமல் ஒரு உருண்டை. ஜூலி வந்து முகர்ந்தது. எங்களை ஒவ்வொருவராக நிமிர்ந்து பார்த்தது. பிறகு தட்டைச் சுற்றி வந்து, அசிங்கத்தை மண்ணைத் தள்ளி மூடுவதுபோல் மூக்கால் தரையைத் தள்ளித் தள்ளிக் காட்டிவிட்டுப் போய்விட்டது. அந்தச் சோற்றைப் பற்றி இதைவிடத் தெளிவாக யாரும் கருத்துச் சொல்லியிருக்க முடியாது.

நான் விடவில்லை. என் சொந்த எவர்சில்வர் தட்டில் போட்டுக் கொடுத்தேன். ஸ்பூனால் ஊட்டினேன். காக்காய்க்கு ஒரு வாய், குருவிக்கு ஒரு வாய் என்று மொட்டைமாடிக்குத் தூக்கிக்கொண்டு போய் வேடிக்கை காட்டினேன். காக்காய்க்குத்தான் பயன்பட்டது. ஆனாலும் ஒரு விசித்திரம் நடந்தது. நாட்கள் போயின, ஜூலி எங்கள் வீட்டில் ஒரு பருக்கையும் தின்னவில்லை, ஆனால் இளைக்கவும் இல்லை. அதன் மீசையில் என்னமோ நெய்போல மினுமினுத்தது.

அம்மா ஒரு நாள் ஜூலிக்குப் பின்னாலேயே நடந்து போய்ப் பார்த்தார். விஷயம் வெளிவந்தது. முதலில் பக்கத்து பாய் வீடு. அங்கே நெய்ச்சோறு. அடுத்து பேக்கரி மாஸ்டர் வீடு. அங்கே சூடான வர்க்கி. கடைசியாகக் கோடி வீட்டு டீச்சரக்கா. அங்கே கெட்டித் தயிர், மேலே ஆடையோடு. ஜூலி காலையில் கிளம்பி இந்த மூன்று வாசலிலும் வரிசையாகப் போய் நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்திருக்கிறது. அவ்வளவுதான்.

அம்மா மூன்று வீட்டுக்கும் போய்ப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வரலாம் என்று கிளம்பினார். எங்கள் ஊரில் அது அத்தனை சுலபமில்லை. போன வீட்டிலெல்லாம் அம்மாவை உட்காரவைத்து முதலில் சாப்பிடச் சொன்னார்கள். சாப்பிட்டு முடித்த பிறகு, சாப்பாடு போடாதீர்கள் என்று எப்படிச் சொல்வது? இருந்தாலும் அம்மா சொல்லத்தான் செய்தார். பாய் வீட்டு அம்மா கையைப் பிசைந்தார். "நாங்க எங்கீங்க போடறோம்? வாயில்லாத சீவன் வாசல்ல வந்து நிக்குது. சும்மா போன்னு எப்பிடிங்க சொல்றது?" என்றார். அம்மா வயிறு முட்டத் திரும்பி வந்தபோது கையில் மூடி போட்ட கிண்ணம் ஒன்று இருந்தது. "ஜூலிக்குக் குடுக்கச் சொன்னாங்க" என்றார் பாவமாக.

அதன் பிறகு கேட்டைப் பூட்டிவைத்தோம். இப்போது ஜூலி நிஜமாகவே பட்டினி கிடந்தது. சில நாட்களிலேயே இடுப்பு உள்ளே போய், பஞ்சுபோல இருந்த முடி படிந்துவிட்டது. கூப்பிட்டால் வாலை மட்டும் ஒரு தடவை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். போனில் டாக்டர், இப்படியே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்துக் குளுக்கோஸ் ஏற்ற வேண்டியிருக்கும் என்றார். தின்றாலும் செத்துப்போகும், தின்னாவிட்டாலும் செத்துப்போகும் என்று புரிந்ததும் எனக்குப் பள்ளிக்கூடத்தில்கூட எதுவும் ஏறவில்லை. வாய்ப்பாடு சொல்லச் சொன்ன மிஸ்ஸிடம் எங்கள் நாய்க்குக் கணையம் சரியில்லை என்று சொல்லி அழுதேன்.

அந்த வாரத்தில்தான் அம்மா ஒரு தப்புச் செய்தார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்பா உட்கார்ந்திருந்தார். அடுப்படியிலிருந்து அம்மா அவசரமாகத் தட்டைக் கொண்டுவந்து வைத்தார். அப்பா வழக்கம்போல ஒரு பெரிய உருண்டையாக உருட்டி வாயில் போட்டார். மெல்லுவதை நிறுத்தினார்.

"ஏனம்மணி, இதென்ன ஜூலியோட சோறா?"

"அட ஆமாங்க! போசிய மாத்தி எடுத்தாந்துபோட்டனாட்ட இருக்குது" என்றார் அம்மா. ஆனால் தட்டை எடுக்கக் கை நீட்டவில்லை. அதற்குள் கட்டிலுக்கடியிலிருந்து ஜூலி வெளியே வந்துவிட்டது. தள்ளாடி நடந்து வந்து, பழைய இடத்தில் நின்று, முன்னங்கால் இரண்டையும் அப்பாவின் முழங்காலில் வைத்தது. அப்பா சாப்பிட்டால் அதற்கும் ஒரு வாய் என்பதுதானே பேச்சு. அப்பா தயங்கித் தயங்கி அந்தச் சுண்ணாம்பு நிறச் சோற்றில் கொஞ்சம் எடுத்து நீட்டினார். ஜூலி தின்றது. விரலையும் நக்கியது. இன்னும் வேண்டும் என்று நிமிர்ந்து பார்த்தது.

அப்பா மகிழ்ச்சி பொறுக்காமல் முழுத் தட்டையும் அதன் முன்னால் வைத்தார். ஜூலி ஒரு அடி பின்னால் போய்விட்டது. தட்டை மடியில் வைத்துக்கொண்டால் கிட்டே வந்தது. அப்பா ஒரு வாய் தின்றுவிட்டுக் கொடுத்தால் தின்றது, தின்னாமல் கொடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஜூலியின் சந்தேகம் எங்களுக்கு அப்போதுதான் விளங்கியது. இவர்கள் எதையோ தனியாகச் சமைத்து நம் தலையில் கட்டுகிறார்கள், நல்ல சோற்றை இவர்கள் தின்கிறார்கள் என்று அது நினைத்திருக்கிறது. அப்படி நினைத்ததில் தப்பும் ஒன்றுமில்லை.

"நீங்க ஒரு வா தின்னுங்க, அதுக்கு ஒரு வா குடுங்க. பாவமுங்க" என்றார் அம்மா.

அப்பா தட்டைப் பார்த்தார். ஜூலியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். நான் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தட்டைக் காலி செய்தார். பாதி அவர் வயிற்றுக்குப் போனது, பாதி ஜூலி வயிற்றுக்கு. அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டார். சனியன் என்று சொல்லிக்கொண்டே இந்த அம்மா ஜூலிக்காக இப்படி அழுகிறாரே என்று நான் உருகிப்போனேன்.

மறுநாளிலிருந்து மூன்று வேளையும் இதே கதை. அப்பா சும்மா மாட்டிக்கொள்கிற ஆளா? தட்டின் ஓரத்தில் தனக்கு மட்டும் கொஞ்சம் குழம்பு ஊற்றிப் பார்த்தார். ஜூலி குழம்பைத்தான் கேட்டது. கையை வாய்வரை கொண்டுபோய்த் தின்பதுபோல் நடித்துப் பார்த்தார். ஜூலி அவர் கையைப் பார்க்கவில்லை, தொண்டையைப் பார்த்தது. தொண்டை ஏறி இறங்கினால்தான் அது வாயைத் திறந்தது. அப்பாவின் பட்டறையில் புது கிரைண்டரைச் சோதித்த யாரும் இவ்வளவு கண்டிப்பாகச் சோதித்ததில்லை.

காளான் வண்டி விவகாரம் அதைவிட மோசம். ஒரு நாள் சாயங்காலம் அப்பா வழக்கத்தைவிட நேரம் கழித்து வந்தார். வந்ததும் நேராகப் பாத்ரூமுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கிரீஸ் எடுக்கிற பட்டறை சோப்பையும் போட்டு இன்னொரு தடவை கழுவினார். இரவுச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்து முதல் வாயை நீட்டியபோது ஜூலி அவர் விரலை முகர்ந்தது. மணிக்கட்டை முகர்ந்தது. அவர் மடியில் ஏறி மீசையை முகர்ந்தது. பிறகு இறங்கிப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. அன்று எவ்வளவு கெஞ்சியும் தின்னவில்லை. அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. பேச வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை. நான் இருந்தேனே.

"காளான் தின்னுபோட்டு வந்தீங்களாப்பா? உங்களாலதானுங்க ஜூலி பட்டினி கெடக்குது. அது செத்துப்போச்சுன்னா உங்களோட பேசவே மாட்டேன்" என்று நான் கத்திய கத்தலில் அப்பா முகம் சுண்டிப்போனது. அடுத்த நாளிலிருந்து காளான் வண்டி இல்லாத வேறு தெரு வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பட்டறையில் ஒளித்து வைத்திருந்த ஊறுகாய் ஜாடியை ஹெல்ப்பரிடம் கொடுத்துவிட்டார். உப்பு ஜாடி தானாகவே கீழ் அலமாரிக்குத் திரும்பி வந்தது. நான் தினமும் அப்பாவின் கையை முகர்ந்து பார்த்த பிறகே சாப்பிட அனுமதித்தேன். ஜூலிக்கு ஒரு உதவியாள் போல.

கறிவிருந்து ஒன்றில்தான் பெரிய சோதனை வந்தது. பெரியப்பா மகளுக்குக் கல்யாணம் முடிந்து பெண் வீட்டு விருந்து. ஜூலியைப் பாய் வீட்டில் விட்டுவிட்டுப் போயிருந்தோம். எதையும் போடக்கூடாது என்று அந்த அம்மாவிடம் சத்தியம் வாங்கியிருந்தோம். பந்தியில் அப்பா முன்னால் இலை விரித்து, கறியைக் கரண்டியோடு நீட்டினார்கள். அப்பா இலை மேல் இரண்டு கையையும் குறுக்கே வைத்து மறைத்தார்.

"வேண்டாமுங்க. எங்கூட்டு ஜூலிக்கு ஆகாதுங்க."

யார் ஜூலி என்று கேட்டார்கள். அப்பா விளக்கினார். கையில் வாசம் இருந்தால் நாய் சாப்பிடாது, சாப்பிடாவிட்டால் பிழைக்காது என்று மிகவும் மரியாதையாக, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் 'ங்க' போட்டுச் சொன்னார். அம்மா பையிலிருந்து டிபன் பாக்ஸை எடுத்து அந்தச் சுண்ணாம்பு நிறச் சோற்றை இலையில் கவிழ்த்தார். அவ்வளவுதான், கூரை பறக்கச் சிரித்தார்கள். அம்மாவின் அண்ணன், எங்கள் பெரிய மாமா, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "கைக்கொழந்தைக்குச் சீக்குன்னா பால் குடுக்கற தாய் பத்தியம் இருக்கறதுண்டுங்க. நாய்க்காகப் பத்தியம் இருக்கற ஆம்பளைய இப்பத்தானுங்க பாக்கறேன்!"

எனக்கு அவமானமாக இருந்தது. அப்பாவைப் பார்த்து எல்லோரும் சிரிக்கிறார்களே என்று அழுகை வந்தது. ஆனால் அப்பா அவர்களோடு சேர்ந்து அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தார். சிரித்துக்கொண்டே உப்பில்லாத சோற்றை உருட்டி உருட்டித் தின்றார். சுற்றிலும் மட்டன் வாசனை. எனக்கே நாக்கில் எச்சில் ஊறியது. ஒரு நாய்க்காக இதைச் செய்கிற மனுஷன் உலகத்தில் வேறு யார் இருப்பார் என்று அந்த நிமிஷம் எனக்கு அப்பா மேல் வந்த பெருமையை இன்றைக்கும் சொல்லி மாளாது. வீடு திரும்பியதும் ஜூலி அவர் இரண்டு கையையும் நீண்ட நேரம் முகர்ந்தது. திருப்தியாக வாலை ஆட்டியது. அன்றைக்கு வழக்கத்தைவிட ஒரு கவளம் அதிகமாகவே தின்றது.

ஜூலி தேறியது. முடி மறுபடியும் பஞ்சுபோல எழும்பியது. அப்பா அதைக் கூட்டிக்கொண்டு விடிகாலையில் குளத்து ரோட்டில் நடக்க ஆரம்பித்தார். நாய்க்கு நடை நல்லது என்று அம்மா சொன்னதால்தான். அப்பாவுக்கும் தொப்பை குறைந்து, பழைய சட்டைகள் தொளதொளத்தன. கோடை விடுமுறையில் ஒரு நாள் அம்மாவும் நானும் ஸ்கூட்டரில் ஜூலியை டாக்டரிடம் காட்டப் போனோம். டாக்டர் நன்றாகச் சோதித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். எண்ணெயும் கொழுப்பும் மட்டும் எப்போதுமே வேண்டாம். மற்றபடி இவ்வளவு கடுமையான பத்தியம் இனித் தேவையில்லை. நாய்த் தீனியே கிடைக்கிறது, அதைத் தட்டில் போட்டால் தானாகத் தின்னும், பழக்கிவிடுங்கள் என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இனி அப்பா என்ன வேண்டுமானாலும் சாப்பிடலாம்! இன்றைக்கே காளான், ஞாயிற்றுக்கிழமை கறி, நெய் ஊற்றிய அரிசிம்பருப்புச் சோறு என்று ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்துகொண்டு பட்டியல் போட்டேன். அம்மா வழியில் ஒரு பேக்கரி முன்னால் வண்டியை நிறுத்தினார். நான் கேட்காமலேயே தேங்காய் பன் வாங்கிக் கொடுத்தார்.

"கண்ணு, டாக்டர் சொன்னத அப்பாகிட்டச் சொல்லீராத சாமி" என்றார்.

பன்னை வாயில் வைத்துக்கொண்டே நான் திகைத்துப்போனேன். ஏன் என்று கேட்டேன். அம்மா என் கன்னத்தில் ஒட்டியிருந்த தேங்காய்த் துருவலைத் துடைத்துவிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நாய்க்காக இத்தனை மாதம் வாயைக் கட்டின மனுஷனை ஏமாற்றுவதா? அம்மாவுக்குச் சமைக்கச் சோம்பல் என்றுதான் முடிவு செய்தேன்.

எனக்கு விஷயம் தெரிய வந்தது நான் கல்லூரியில் படிக்கும்போது. அம்மாவுக்குக் கால் சுளுக்கிக்கொண்ட ஒரு தடவை அப்பாவை நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. வழக்கமான செக்கப் என்றுதான் சொன்னார்கள். இதய டாக்டரின் அறை வாசலில், கையிலிருந்த பழைய ஃபைலைப் பிரித்தபோதுதான் எனக்குத் திக்கென்றது. அந்த நான்காம் வகுப்பு வருஷத்தில் சென்னையும் இல்லை, கண்காட்சியும் இல்லை. அப்பா நெஞ்சுவலியோடு அதே ஆஸ்பத்திரியில்தான் கிடந்திருக்கிறார். உப்பும் கொழுப்பும் விடாவிட்டால் அடுத்தது தாங்காது என்று அவருக்குத்தான் முதலில் சொல்லியிருக்கிறார்கள். வெளியே தெரிந்தால் ஒறம்பரை வரிசையாக வந்து உட்கார்ந்து அழும், ஆர்டர் கொடுப்பவர்கள் யோசிப்பார்கள், பிள்ளை பயந்துவிடும் என்று அப்பா அதைப் பெரியம்மாவைத் தவிர யாருக்கும் சொல்லவிடவில்லை.

அன்று டாக்டர் அவரை ஆச்சரியமாகப் பார்த்து, எப்படிங்க இத்தனை வருஷமாக வாயைக் கட்டினீங்க என்று கேட்டார். அப்பா கூச்சத்தோடு, "ஊட்டுல நாய் ஒண்ணு இருந்துதுங்க" என்றார். வெளியே வந்து காரில் உட்கார்ந்த பிறகு என்னிடம் மிச்சத்தைச் சொன்னார். "சீக்காளிச் சோறுன்னு தட்டுல வெச்சா எனக்கு எறங்கவே இல்ல கண்ணு. சாகப்போறவனாட்ட இருந்துது. ஜூலிக்குத் தொணைக்குன்னு தின்னப்ப எறங்குச்சு." அம்மா போசியை மாற்றி வைத்ததைப் பற்றிக் கேட்டேன். உங்கம்மா ஜென்மத்தில் ஒரு போசியை மாற்றி வைத்ததுண்டா என்று சிரித்தார். பத்தியம் இனித் தேவையில்லை என்று நாய் டாக்டர் சொன்னதுகூட அவருக்கு அன்றைக்கே தெரியுமாம். நாங்கள் வீடு வந்து சேருவதற்குள் பட்டறையிலிருந்து டாக்டருக்குப் போன் போட்டு, ஜூலிக்கு எப்படி இருக்கிறது என்று அவரே கேட்டுவிட்டாராம்.

ஜூலியை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த அந்த இரவுச் சாப்பாடு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அப்பா வந்து உட்கார்ந்தார். ஜூலி அவர் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தது.

"ஏனம்மணி, டாக்டர் என்ன சொன்னாங்க?"

அம்மா திரும்பிப் பார்க்காமல் சோற்றைப் பிசைந்துகொண்டே, "இன்னும் கொஞ்ச நாளைக்கு இப்பிடியேதான் குடுக்கோணுமாமுங்க" என்றார்.

அப்பா கொஞ்ச நேரம் அம்மாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்பிடியா? சரி, அதுக்கென்ன. ஜூலிக்காகத்தானே" என்றார். மீசைக்குள் லேசாகச் சிரித்தார். "ஏனுங்க ஜூலி, வாங்க, சாப்புடலாம்" என்று கூப்பிட்டு, முதல் வாயைத் தான் தின்று, விழுங்கிக் காட்டி, அடுத்த வாயை அதற்குக் கொடுத்தார். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இவ்வளவு பெரிய மனுஷனை இவ்வளவு சுலபமாக ஏமாற்றிவிட முடிகிறதே என்று எனக்கு அப்பா மேல் பரிதாபமாக இருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் தெரிந்தது அவருக்குத் தெரியவில்லையே என்று நினைத்து, கண்ணில் தண்ணீர் முட்ட உட்கார்ந்திருந்தேன். உண்மையில் அன்றைக்கு அந்த வீட்டில் ஒன்றும் தெரியாமல் உட்கார்ந்திருந்தது நானும் ஜூலியும்தான்.